கடம்பூர் தாண்டிவிட்டதா?

1911 ஜூன் 17, சனிக்கிழமை. காலை 9.30 மணிக்குத் திருநெல்வேலியில் கிளம்பிய மணியாச்சி மெயில் 10.38க்கு மணியாச்சி சந்திப்பில் வந்து நின்றது. முதல் வகுப்புப் பெட்டியில் கலெக்டர் ஆஷும் அவர் மனைவியும் இருந்தார்கள். கொடைக்கானலில் தங்கியிருந்த பிள்ளைகளைப் பார்க்கப் புறப்பட்டவர்கள். தூத்துக்குடியிலிருந்து வரும் சிலோன் போட் மெயில் 10.48க்கு வர வேண்டும். அதுவரை பெட்டி அங்கேயே நிற்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டார். சதியைப் பற்றியும் துப்பாக்கியைப் பற்றியும் நூறாண்டாக எழுதிக் குவித்துவிட்டார்கள். கால அட்டவணையை அவ்வளவாக யாரும் கண்டுகொள்ளவில்லை. எந்த வண்டி, எந்த இடத்தில், எதற்காகக் காத்து நிற்கும் என்பது அட்டவணையைப் புரட்டத் தெரிந்த எவருக்கும் அன்று தெரிந்த சங்கதி.

மணியாச்சியை வரைபடத்தில் ஏற்றியதே காத்திருப்புதான். 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தபோது திருநெல்வேலிக்கான கிளை இங்கே பிரிந்தது. சுற்றிலும் கரிசல் காடு. நடுவில் ஒரு வண்டி இன்னொரு வண்டியை எதிர்பார்த்து நிற்க ஒரு நிலையம். போட் மெயில் வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தால் சங்கிலி இன்னும் நீளம். கொழும்பிலிருந்து இரவில் கிளம்பும் கப்பல் தூத்துக்குடிக் கரையை நெருங்க முடியாது. ஆழம் போதாமல் சில மைல் தள்ளி நங்கூரம் போடும். பயணிகள் சிறு படகுகளில் ஏறிக் கரைக்கு வந்து, அதன் பிறகு ரயில் ஏற வேண்டும். ஆக, மன்னார் வளைகுடாவில் கடல் கொந்தளித்தால் கப்பல் பிந்தும், படகு பிந்தும், ரயில் பிந்தும், கடைசியில் மணியாச்சியில் நிற்கும் திருநெல்வேலிப் பெட்டியும் பிந்தும். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிப் பக்கம் போய்விட்டது. காத்திருப்பு போகவில்லை. குருவாயூர் எக்ஸ்பிரஸிலிருந்து தூத்துக்குடிப் பெட்டிகளைக் கழற்றி மாட்டும் இணைப்பு வண்டி பல ஆண்டுகள் இங்கே ஓடியது. மதுரை–தூத்துக்குடிப் பாதை இரட்டையாகும் வரை எதிர் வண்டிக்காகக் கிராஸிங்கில் கிடப்பது அன்றாடம் நடந்ததுதான்.

இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. “வண்டி எத்தனை மணிக்கு?” என்று கேட்பவர் வெளியூர்க்காரர். உள்ளூர்க்காரர், “வண்டி எங்கண வருது அண்ணாச்சி?” என்பார். “கடம்பூரத் தாண்டிட்டு” என்று பதில் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார். கடம்பூர் வடக்கே உள்ள பக்கத்து நிலையம். போளிக்குப் பேர் போனது. “இன்னும் கோவில்பட்டியே வரல” என்றால் இன்னொரு டீ குடிக்கலாம். நிலைய அதிகாரியின் அறையிலும் இதே கணக்குதான், கொஞ்சம் முறைப்படி நடக்கும்: பக்கத்து நிலையத்துக்கு லைன் கிளியர் கொடுத்து, வண்டி அங்கிருந்து கிளம்பியதா என்று கேட்டறிவது.

விமானம் எப்போது கிளம்பும் என்பதைக் கணிக்க உலகெங்கும் கணிப்பொறி நிபுணர்கள் கோடிக்கணக்கான பதிவுகளை வைத்துச் செய்துவரும் ஆராய்ச்சியும், சுற்றிச் சுற்றிக் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேர்கிறது. வர வேண்டியது எங்கே வருகிறது?

மணியாச்சிக்குத் தென்கிழக்கே 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் வாகைக்குளம். தூத்துக்குடி விமான நிலையம் 1992இல் இங்கே திறக்கப்பட்டது. 1,350 மீட்டர் நீளமே இருந்த ஓடுபாதையில் ஏடிஆர் போன்ற விசிறி எஞ்சின் விமானங்கள்தாம் இறங்க முடியும். அண்மையில் அதை 3,115 மீட்டராக நீட்டினார்கள். புதிய முனையக் கட்டடத்தைப் பிரதமர் 2025 ஜூலை 26 அன்று திறந்து வைத்தார். கட்டடம் பெரிதானாலும் நடைமுறை மாறவில்லை. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும் விமானம் ஆட்களை இறக்கிவிட்டு, காத்திருப்பவர்களை ஏற்றிக்கொண்டு உடனே திரும்புகிறது. வாகைக்குளத்தில் பிற்பகலில் புறப்பட வேண்டிய விமானம் நண்பகலில் வாகைக்குளத்தில் இல்லை. எங்கோ வானத்தில் இருக்கிறது, இல்லாவிட்டால் சென்னையில் வேறு யாரையோ இறக்கிக்கொண்டிருக்கிறது.

இறங்கிய விமானத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு புரியும். ஏடிஆர் 72 வந்து நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறார்கள். இடது விசிறி நிற்கிறது. வலது எஞ்சின் முழுதாக நிற்பதில்லை. விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு அதிலிருந்து விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் மின்சாரம் எடுக்கும் வசதி இந்த விமானத்தில் உண்டு. பெரிய விமானங்களின் வாலில் இருக்கும் துணை எஞ்சின் இதில் கிடையாது. பயணிகள் பின்கதவு வழியாக இறங்குகிறார்கள். சரக்குக் கதவு முன்னால் இருப்பதால் பெட்டிகள் அந்தப் பக்கம் இறங்குகின்றன. துப்புரவு, எரிபொருள், எடைக் கணக்குத் தாள், அடுத்த எழுபத்துச் சொச்சம் பேரின் அட்டையைப் பார்த்து உள்ளே அனுப்புவது. எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடந்தாலும் ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். சக்கர நாற்காலியில் இருவர் வந்தால் இன்னும் சில நிமிடம். பெட்டியைப் பதிந்துவிட்டு ஆளைக் காணோம் என்றால், அந்தப் பெட்டியைத் தேடி இறக்கும் வரை கதவு மூடாது.

இதிலிருந்து ஒரு சூத்திரம் கிடைக்கிறது. விமானம் வந்து சேரும் நேரத்தோடு, திரும்பத் தயாராகக் குறைந்தது எவ்வளவு ஆகுமோ அதைக் கூட்ட வேண்டும். அந்தத் தொகை, அட்டவணை நேரம் இரண்டில் எது பிந்தியதோ அதுதான் புறப்பாடு. ஒரு பேச்சுக்கு, விமானம் 12.40க்கு வந்து 1.15க்குக் கிளம்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திரும்பத் தயாராக 25 நிமிடம் போதும் என்றால் கையில் 10 நிமிடம் மிச்சம். பத்து நிமிடம் பிந்தி வந்தால் யாருக்கும் தெரியாமல் சரிக்கட்டிவிடலாம். அரை மணி நேரம் பிந்தி 1.10க்கு வந்தால் 1.35க்குத்தான் கிளம்ப முடியும். அரை மணி முந்தி வந்தாலோ? ஒன்றும் ஆகாது. 1.15க்குத்தான் கிளம்பும்.

இந்தக் கடைசிச் சங்கதி சாதாரணமாகத் தோன்றினாலும் கணிப்புக் கலையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. விமானம் முந்திக் கிளம்புவதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லாரும் ஏறிவிட்டால் நாலைந்து நிமிடம் முந்தலாம், அவ்வளவே. பிந்துவதற்கு எல்லையே கிடையாது. நூறு நாள் புறப்பாட்டைக் கோடாக வரைந்தால், அட்டவணை நேரத்தை ஒட்டிச் செங்குத்தாக ஏறி, வலப்பக்கம் நீண்ட வாலாக இழுபடும். இப்படிப்பட்ட கோட்டுக்குச் சராசரி எடுத்து “சராசரித் தாமதம் 18 நிமிடம்” என்று சொன்னால் அந்த 18 நிமிடம் அநேகமாக எந்த நாளிலும் நடந்திருக்காது. பெரும்பாலான நாள் நேரத்துக்குக் கிளம்பியிருக்கும். சில நாள் இரண்டு மணி நேரம் இழுத்திருக்கும். பயணிக்கு வேண்டியது சராசரி எண்ணில்லை. எவ்வளவு சீக்கிரம் கிளம்பக்கூடும், பத்தில் ஒன்பது முறை எந்த நேரத்துக்குள் கிளம்பியிருக்கும் என்ற இரண்டு எண்கள்.

அமெரிக்காவில் இந்த ஆராய்ச்சி செழித்ததற்குக் காரணம் தரவு. அங்கே பெரிய விமான நிறுவனங்கள் ஒவ்வொரு விமானத்தின் அட்டவணை நேரத்தையும் உண்மையான நேரத்தையும் அரசிடம் கொடுத்தாக வேண்டும்; அரசு அதைப் பொதுவில் வைக்கிறது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2009இல் ஒரு போட்டிக்காக இப்படிச் சேர்ந்த பதிவுகளைத் தொகுத்தபோது, 1987 முதல் 2008 வரை ஏறத்தாழ 12 கோடிப் பறப்புகள் இருந்தன. தாமதத்துக்கான காரணங்களை ஐந்து வகையாகப் பிரித்துச் சொல்லும் முறை 2003 ஜூனில் தொடங்கியது: விமான நிறுவனத்தின் குறை, கடும் வானிலை, வான்போக்குவரத்து நெரிசல், பாதுகாப்புச் சோதனை, பிந்தி வந்த விமானம். பல ஆண்டுகளாக அந்தக் கடைசி வகை ஒன்றே மொத்தத் தாமத நிமிடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கி வருகிறது. கணிப்பொறிகளுக்கு இந்தத் தரவை ஊட்டிப் பார்த்த பெரும்பாலோரும் கண்டது இதுதான்: புறப்பாட்டுக்குச் சில மணி நேரமே இருக்கையில், வந்துகொண்டிருக்கும் விமானம் எவ்வளவு பிந்துகிறது என்ற ஒரு தகவலுக்கு முன்னால் மற்றத் தகவல்கள் பின்னுக்குப் போய்விடுகின்றன.

2009இல் ஃபிளைட்காஸ்டர் என்ற சிறு அமெரிக்க நிறுவனம், விமான நிறுவனங்கள் அறிவிப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே தாமதத்தைச் சொல்கிறோம் என்று கிளம்பியது. 2011இல் வேறு நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. ஜி.இ. நிறுவனமும் அலாஸ்கா ஏர்லைன்ஸும் காகிள் தளத்தில் விமானம் வந்து சேரும் நேரத்தைக் கணிக்கும் போட்டி ஒன்றை 2012இல் அறிவித்தன. அடுத்த ஆண்டு முதல் பரிசு சிங்கப்பூர்க் குழு ஒன்றுக்குப் போனது. வருகையைச் சரியாகச் சொல்லிவிட்டால் புறப்பாடு பாதி தீர்ந்த மாதிரிதானே. 2018 ஜனவரியில் கூகுள் ஃபிளைட்ஸும் களத்தில் இறங்கியது. குறைந்தது 80 சதவீத நம்பிக்கை இருந்தால் மட்டுமே தாமதம் என்று காட்டுவோம் என்றது. கூடவே, தாமதம் என்று காட்டினாலும் வழக்கமான நேரத்துக்கே விமான நிலையம் வந்துவிடுங்கள் என்றும் சொல்லி வைத்தது. உஷாரான ஆட்கள்.

உஷாருக்குக் காரணம் இருக்கிறது. பத்து விமானங்களில் எட்டு நேரத்துக்குக் கிளம்பும் ஊரில், எதைக் கேட்டாலும் “நேரத்துக்குக் கிளம்பும்” என்று சொல்லும் கிளி ஜோசியம்கூட 80 சதவீதம் பலிக்கும். அதனால் எங்கள் கணிப்பு 85 சதவீதம் சரி என்று ஒரு செயலி பெருமையடித்தால், கிளியைவிட அது எவ்வளவு தேவலை என்று கேட்க வேண்டும். இன்னொரு சிக்கல் தவறின் விலை. நேரத்துக்குக் கிளம்பும் என்று சொல்லிப் பிந்தினால் ஒரு மணி நேரம் போகும். பிந்தும் என்று சொல்லி நேரத்துக்குக் கிளம்பிவிட்டால் டிக்கெட் போகும். உள்நாட்டு விமானத்துக்குக் கவுன்டரை ஒரு மணி நேரம் முன்பே சாத்துகிறார்கள். ஏறும் வாசலை 25 நிமிடம் முன்பே அடைக்கிறார்கள். விளாத்திகுளத்திலிருந்தோ எட்டயபுரத்திலிருந்தோ காரில் வருகிறவர் செயலியை நம்பி அரை மணி நேரம் தாமதித்துக் கிளம்பினால் செயலி பொறுப்பேற்காது.

எவ்வளவு முன்னதாகக் கணிக்கலாம் என்பதும் ஒரே அளவாக இல்லை. ஒரு மாதம் முன்பு என்றால் பழைய வழக்கத்தைத் தவிர வேறு ஒன்றும் கையில் இல்லை: எந்த நிறுவனம், எந்த ஊர், எந்த நேரம். இதில் நேரம்தான் உருப்படியானது. அன்றைய முதல் விமானம் பெரும்பாலும் நேரத்துக்குக் கிளம்பும். இரவு அங்கேயே நின்ற விமானம், அது யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. பொழுது ஏற ஏற ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தும் பத்துமாகச் சேர்ந்து மாலை விமானத்தின் தலையில் விடியும். முதல் நாள் என்றால் வானிலை அறிக்கை கூடச் சேரும். ஆறு மணி நேரம் முன்பு வந்தால், குறிப்பிட்ட அந்த விமானம் காலையிலிருந்து எத்தனை ஊர் சுற்றுகிறது, எங்கே பிந்தியது என்று பார்க்கலாம். விமானங்கள் தம் இருப்பிடத்தை வானொலி அலையில் நொடிக்கு ஓரிரு முறை அறிவித்துக்கொண்டே பறக்கின்றன. அதைப் பிடித்து வரைபடத்தில் காட்டும் ஃபிளைட்ரேடார் போன்ற செயலிகள் வந்த பிறகு வாகைக்குளத்தில் உட்கார்ந்திருக்கும் பயணிக்கும் “கடம்பூர் தாண்டிவிட்டதா” என்று பார்க்க ஒரு வழி கிடைத்தது. ரயில் பயணிகளுக்கு இதே வேலையைப் பெங்களூரில் பிறந்த ‘வேர் இஸ் மை ட்ரெயின்’ செய்கிறது, ஜி.பி.எஸ். இல்லாமல் செல்போன் கோபுரங்களை வைத்தே வண்டி இருக்கும் இடத்தைச் சொல்லும் அதைக் கூகுள் 2018இல் வாங்கிக்கொண்டது.

வானத்தில் விமானம் நேரத்துக்கு வந்துவிட்டாலும் தரையில் நிறுத்தி வைக்கப்படுவது உண்டு. சென்னையின் இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்பவை. இரண்டையும் தனித்தனியாக முழு வீச்சில் பயன்படுத்த முடியாது. அங்கே நெரிசல் என்றால், மேலே வட்டமடித்து எண்ணெயை எரிப்பதற்குப் பதிலாக, கிளம்பும் ஊரிலேயே விமானத்தை நிறுத்தி வைப்பது மலிவு. டெல்லியில் இருக்கும் விமானப் போக்குவரத்து ஒழுங்கு மையம் இதைக் கணக்கிட்டு, இன்ன நேரத்தில் மேலே ஏறு என்று ஒவ்வொரு விமானத்துக்கும் நேரம் ஒதுக்குகிறது. வாகைக்குளத்தில் வானம் பளிச்சென்று இருக்கும், விமானம் கண் முன்னால் நிற்கும், ஆள் ஏறியாகிவிட்டது, கதவும் மூடியாகிவிட்டது; கிளம்பாது. உள்ளே இருப்பவருக்கு விமானி மேல் கோபம் வரும். காரணமோ 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்.

வானிலையும் இப்படித்தான், பெரும்பாலும் அயலூரிலிருந்து வருகிறது. 2018 போகிப் பண்டிகையன்று சென்னையில் பழைய பாயும் டயரும் எரிந்த புகை பனியோடு சேர்ந்து ஓடுபாதையை மறைத்தது; விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. சென்னைக்காரர் வீட்டு வாசலில் எரித்த பாய்க்குத் தூத்துக்குடிப் பயணியும் காத்துக் கிடந்திருப்பார். டெல்லி மூடுபனியைக் கணிக்க மட்டும் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2015 முதல் அந்த விமான நிலையத்திலேயே கருவிகளை நிறுவி ஆராய்ந்து வருகிறது. மூடுபனி எப்போது கவியும் என்று சொல்வதைவிட எப்போது விலகும் என்று சொல்வது விமான நிறுவனத்துக்கு அதிகப் பயன். சொல்வதற்கு அதுவே அதிகக் கடினம்.

உள்ளூர் வானிலை தன் பங்கைக் கேட்டு வாங்கிய நாளும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் மண்ணும் ஜல்லியும் அடித்துக்கொண்டு போயிருந்தன. வண்டியை மேலே விடாமல் பிடித்து வைத்த ரயில்வே ஊழியர்களால் ஏறத்தாழ 800 பேர் பிழைத்தார்கள். சுற்றிலும் வெள்ளம், விமானப் படை ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலம் போட்டன. 19ஆம் தேதி அவர்களைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்த இடம் மணியாச்சி. சென்னைக்குச் சிறப்பு ரயில் அங்கிருந்துதான் கிளம்பியது. 12 கோடிப் பதிவுகளைப் படித்த கணிப்பொறிக்கும் அப்படியொரு நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. அது படித்ததெல்லாம் வழக்கமான நாட்கள்.

வழக்கம் உடைவதற்கு மழைதான் வேண்டும் என்றில்லை. விமானிகளின் பணிநேர விதிகளில் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இரவில் தரையிறங்கும் எண்ணிக்கைக்கு வரம்பு இறுகியது. நல்ல விதி. வரப்போவது முன்பே தெரிந்த விதியும்கூட. ஆனால் டிசம்பர் முதல் வாரத்தில், நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் சுமக்கும் இண்டிகோவில் விமானம் இருந்தது, விமானி இல்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறப்புகள் ரத்தாயின. வரைபடத்தில் விமானம் எங்கே வருகிறது என்று பார்த்துக் கணிப்பவருக்கு இது பிடிபடாது. வர வேண்டிய விமானம் பக்கத்திலேயே நிற்கும். அதை ஓட்ட வேண்டியவர் வேறொரு விமானத்தில் வேறொரு ஊரில் பணிநேரம் தீர்ந்து இறங்கியிருப்பார். விமானம் எங்கே என்பது ஊருக்கே தெரியும். விமானி எங்கே என்பது நிறுவனத்துக்கு மட்டும் தெரியும்.

இங்கேதான் இந்த விஷயம் கணிதத்தை விட்டு நகர்கிறது. தாமதம் பற்றி நல்ல கணிப்பு ஏற்கெனவே இருக்கிறது, நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது. பயணிக்கு ஏன் வந்து சேர்வதில்லை? காத்திருப்பவர்களுக்குத் தெரிந்த அனுபவம் இது: முதலில் 20 நிமிடம் என்பார்கள், பிறகு 40, பிறகு ஒரு மணி நேரம். தவணை முறையில் தாமதம். இதில் ஒரு நியாயமும் உண்டு. இரண்டு மணி நேரம் என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் பயணிகள் சாப்பிடப் போய்விடுவார்கள். இடையில் மாற்று விமானம் கிடைத்தால் ஆளைத் திரட்ட முடியாது. நியாயமில்லாத காரணமும் உண்டு. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம் ஆகும் என்று நிறுவனம் எதிர்பார்த்தால் காத்திருப்பவர்களுக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும். எதிர்பார்ப்பதும் நிறுவனம், செலவு செய்வதும் நிறுவனம். ஒரு மணி ஐம்பது நிமிடத்தை எதிர்பார்ப்பதே அதற்கு வசதி.

மணியாச்சிக்கு மேற்கே கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆடியில் வரும் காற்று அவற்றைச் சுழற்றுகிறது. அங்கேயும் முழுநேரக் கணிப்பு வேலை நடக்கிறது. நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வரும் என்று ஒரு நாளைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக 96 துண்டாக்கி முன்கூட்டிச் சொல்ல வேண்டும். தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் ஸ்பெயின் நாட்டு வோர்டெக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்கு இதைத் தொடங்கியது. சொன்னதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் ஒரு வரம்பைத் தாண்டினால் உற்பத்தியாளர் பணம் கட்ட வேண்டும் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் விதி வகுத்தது. விமானத்துறையிலும் பதினைந்து நிமிடம்தான் அளவுகோல்; அட்டவணையிலிருந்து அதற்குள் கிளம்பினால் நேரத்துக்குக் கிளம்பியதாகக் கணக்கு. ஆனால் கயத்தாறில் கணிப்பு பிசகினால் கணித்தவர் கட்டுகிறார். வாகைக்குளத்தில் பிசகினால் காத்திருப்பவர் கட்டுகிறார். காற்று யாருக்கும் கட்டுப்படாதது; அதைக் கணிக்க அபராதத்தோடு விதி இருக்கும்போது, சொந்த விமானமும் சொந்த விமானியும் எங்கே என்று தெரிந்த நிறுவனத்துக்கு அப்படி ஒன்று இல்லாதது வேடிக்கை.

அட்டவணையில் ஒளிந்துகொள்வதும் ஒரு கலை. ஒரு மணி இருபது நிமிடத்தில் பறக்கக்கூடிய தூரத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் என்று அச்சிட்டுவிட்டால், பிந்திக் கிளம்பியும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். இப்படித் திணித்து வைப்பதால் நேரந்தவறாமைப் பட்டியலில் மதிப்பெண் ஏறும். அந்தப் பட்டியலும் இந்தியாவில் சில பெருநகர விமான நிலையங்களை வைத்துத்தான் மாதந்தோறும் வெளியாகிறது. அமெரிக்காவைப் போல ஒவ்வொரு பறப்பின் பதிவும் பொதுவில் இருந்தால், கோவில்பட்டிப் பொறியியல் கல்லூரி மாணவர்களே வாகைக்குளத்துக்கு ஒரு கணிப்பு முறையை ஒரு பருவத்தில் எழுதிவிடுவார்கள். ரயில்வே இதில் எவ்வளவோ மேல். எந்த வண்டி எந்த நிலையத்தை எத்தனை மணிக்குக் கடந்தது என்பதை, தன் மானம் போனாலும் பரவாயில்லை என்று, நாடு முழுக்கப் பார்க்கும்படி வைத்திருக்கிறது.

இதுவரை வாகைக்குளத்தின் கணக்கு எளிது. விசிறி எஞ்சின் விமானம் சென்னைக்கும் பெங்களூருக்குமாகப் போய்த் திரும்பும் கட்டுக்குள் ஓடியது. ஒரு ஊர் பின்னால் பார்த்தால் போதும். நீட்டிய ஓடுபாதையில் ஏ320 வகை விமானங்கள் வழக்கமாக இறங்கத் தொடங்கினால் அந்த வசதி போய்விடும். 180 பேர் ஏறும் அந்த விமானம் விடியற்காலை டெல்லியில் தொடங்கி, ஹைதராபாத்திலோ மும்பையிலோ தலைகாட்டி, சென்னை வழியாக மாலையில் தூத்துக்குடிக்கு வரலாம். ஜனவரி மாதத்தில் அதைப் பிடிக்கப் போகும் ஓட்டப்பிடாரத்துக்காரர் சென்னை வானத்தைப் பார்த்துப் பயனில்லை. அன்று காலை ஆறு மணிக்கு டெல்லி ஓடுபாதையில் எத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிந்தது என்று அவர் பார்க்க வேண்டியிருக்கும்.